திருமுகப் பாசுரமும் பணி விண்ணப்ப முகப்புக் கடிதமும்: மதுரை சார் வேண்டுதல் பனுவல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பணிக்கு விண்ணப்பிப்போர் தன்விவரக் குறிப்புடன் இணைத்து அனுப்பும் முகப்புக் கடிதம் இன்று பெரும்பாலும் ஆங்கில மாதிரிகளைப் பின்பற்றியே கற்பிக்கப்படுகிறது. தமிழில் எழுதப்படும் விண்ணப்பங்களோ பள்ளிப் பாடநூல் தரும் சட்டகத்தைத் தாண்டுவதில்லை. ஆனால், ஒருவர் தம்மை அறியாத ஒருவரிடம் தம் தகுதியைக் கூறி ஒன்றை வேண்டும் பனுவல் தமிழுக்குப் புதிதன்று. மதுரையோடு தொடர்புடைய திருமுகப் பாசுரம், வேள்விக்குடிச் செப்பேடு, திருவிளையாடற் புராணத்துத் தருமியின் கதை ஆகிய மூன்றும் முறையே அமைப்பு, சான்று, உரிமை என்னும் மூன்று நெறிகளை உணர்த்துகின்றன. இவற்றை நன்னூலின் தற்புகழ்ச்சி விதியோடும் புறநானூற்றுப் பரிசில் துறைப் பாடல்களோடும் இணைத்து நோக்கி, தமிழ் முதுகலைப் பட்டதாரி ஒருவர் பின்பற்றத்தக்க கடித அமைப்பை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: திருமுகம், விண்ணப்பம், ஓலைத்தூக்கு, சீட்டுக்கவி, தற்புகழ்ச்சி, பரிசில், முகப்புக் கடிதம்.

முன்னுரை

மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி முதலிய பகுதிகளிலும் ஆண்டுதோறும் தமிழ் முதுகலை முடித்து வெளிவரும் மாணவர் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அரசுக் கல்லூரிப் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையப் படிவத்தை நிரப்பினால் போதும். அங்குக் கடிதத்திற்கு இடமில்லை. ஆனால், உதவிபெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள், தனியார் பள்ளிகள், பதிப்பகங்கள், நாளிதழ்கள், மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் ஆகியவற்றை அணுகுவோர் தன்விவரக் குறிப்போடு ஒரு கடிதத்தையும் எழுதியாக வேண்டும். அலுவலக வழக்கில் ‘கவரிங் லெட்டர்’ எனப்படும் அக்கடிதமே இக்கட்டுரையில் முகப்புக் கடிதம் எனச் சுட்டப்படுகிறது.

பள்ளியில் கற்பிக்கப்படும் விண்ணப்பம் அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, உடற்பகுதி, ‘இப்படிக்கு’, நாள், இடம் என்னும் உறுப்புகளைக் கொண்டது. இவ்வுறுப்புகள் கடிதத்தின் எலும்புக்கூடு மட்டுமே. உடற்பகுதியில் எதைக் கூறுவது, எதைத் தவிர்ப்பது, எந்த வரிசையில் கூறுவது, எந்த அளவில் நிறுத்துவது என்பவை கற்பிக்கப்படுவதில்லை. இதனால் மாணவர் எழுதும் கடிதம் இரண்டு முனைகளில் ஒன்றைச் சென்று சேர்கிறது. ஒன்று, குடும்ப வறுமையைக் கூறி இரங்க வேண்டுவது. மற்றொன்று, ‘கடின உழைப்பாளி, பன்முகத் திறமையாளர்’ என எவருக்கும் பொருந்தும் சொற்களை அடுக்குவது.

இச்சிக்கல் இன்று கூர்மையடைந்திருப்பதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறை, ஆய்வியல் நிறைஞர் பட்டப்படிப்பை நிறுத்தியது. முன்னர்ப் பெற்ற பட்டங்கள் செல்லுபடியாகும் எனினும், இனிவரும் தேர்வுக் குழுவினருக்குப் பட்டத்தின் பெயர் மட்டுமே எதையும் உணர்த்திவிடாது. அப்பட்டத்திற்காக என்ன ஆய்வு செய்யப்பட்டது, அதனால் வகுப்பறைக்கு என்ன பயன் என்பதை விண்ணப்பிப்பவரே எடுத்துரைக்க வேண்டியுள்ளது. அதற்கான இடம் முகப்புக் கடிதமே.

வேண்டுதல் பனுவல் மரபு

தமிழில் வேண்டுதலைப் பொருளாகக் கொண்ட பனுவல்கள் பல வடிவங்களில் வழங்கிவந்துள்ளன. பாடாண் திணையில் பரிசில் கடாநிலை, பரிசில் விடை முதலிய துறைகள் உள்ளன. ஆற்றுப்படை, பரிசில் பெற்ற ஒருவர் பெறாத ஒருவரை வள்ளலிடம் வழிப்படுத்துவது; இன்றைய சொல்லில் கூறினால் அது வேலைவாய்ப்புத் தகவலும் பரிந்துரையும் சேர்ந்த வடிவம். பிற்காலத்தில் புலவர்கள் புரவலர்க்குச் செய்யுளில் விடுத்த மடல்கள் சீட்டுக்கவி எனவும் ஓலைத்தூக்கு எனவும் பெயர்பெற்றன. அந்தகக்கவி வீரராகவ முதலியார் இவ்வகையில் புகழ்பெற்றவர்.

‘விண்ணப்பம்’ என்னும் சொல்லும் நீண்ட வரலாறு உடையது. பல்லவர் செப்பேடுகளில் கொடையை வேண்டி மன்னனிடம் எடுத்துரைத்தவர் ‘விண்ணப்பம்’ என்றும், மன்னனின் ஆணையை நிறைவேற்றிய அலுவலர் ‘ஆணத்தி’ என்றும் குறிக்கப்படுகின்றனர். கோரிக்கையின் பெயர் கோருபவரின் பெயராகவே வழங்கியிருப்பது கருதத்தக்கது. மேலிருந்து கீழே வருவது திருமுகம். கீழிருந்து மேலே செல்வது விண்ணப்பம். பணி வேண்டுவோர் எழுதுவது பின்னதையே எனினும், அதன் உள்ளமைப்புக்குத் திருமுகம் ஒன்றே சிறந்த முன்மாதிரியாக அமைகிறது.

திருமுகப் பாசுரத்தின் அமைப்பு

நம்பியாண்டார் நம்பி தொகுத்ததாகக் கூறப்படும் பதினோராந் திருமுறையின் முதற்பனுவல் திருமுகப் பாசுரம். திருவாலவாய் இறைவன் தம்மை யாழிசையால் போற்றிய பாணபத்திரருக்குப் பொருள் வழங்குமாறு சேரமான் பெருமாளுக்கு எழுதியளித்த கடிதமாகச் சைவ மரபு இதனைக் கொள்கிறது. பெரியபுராணத்தில் கழறிற்றறிவார் வரலாற்றிலும், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 42ஆம் படலமாகிய திருமுகம் கொடுத்த படலத்திலும் இச்செய்தி விரிகிறது. பாசுரத்தின் காலமும் ஆசிரியமும் தனி ஆய்வுக்குரியவை. ஒரு கடிதம் என்ற நிலையில் அதன் அமைப்பு மட்டுமே ஈண்டு நோக்கப்படுகிறது.

பன்னிரண்டு அடிகளாலான இந்த ஆசிரியப்பா மூன்று சம பகுதிகளாகப் பகுக்கத்தக்கது. முதல் நான்கு அடிகள் எழுதுபவர் யார், எங்கிருந்து எழுதுகிறார் என்பதைக் கூறுகின்றன. அடுத்த நான்கு அடிகள் பெறுபவர் யார் என்பதைக் கூறுகின்றன. இறுதி நான்கு அடிகளில் கடிதம் கொண்டுவருபவர் யார், அவர் வந்த நோக்கம் என்ன, அவருக்குச் செய்ய வேண்டியது என்ன என்பவை அடங்கிவிடுகின்றன. இவ்வமைப்பில் ஐந்து கூறுகள் கவனத்திற்குரியன.

முதலாவது, எழுதுபவர் தம்மை இடத்தால் அடையாளப்படுத்துகிறார். எழுதுபவர் இறைவனே எனினும், படைத்தல், காத்தல் முதலிய பெருமைகள் எவையும் கூறப்படவில்லை. கூடல் நகரின் மாடமும், அன்னம் பயிலும் சோலையும், ஆலவாய்க் கோயிலுமே கூறப்படுகின்றன. பெறுபவர் தம்மை எளிதில் இனங்காணத் தேவையானது எதுவோ அது மட்டுமே இடம்பெறுகிறது.

இரண்டாவது, பெறுபவரின் பண்புகளுள் கோரிக்கைக்குத் தொடர்புடையது முதலில் வைக்கப்படுகிறது. சேரமானின் குடைச் சிறப்பும் படைச் சிறப்பும் பின்னரே வருகின்றன. பருவத்து முகில் போலப் பாவலர்க்கு உதவும் அவரது இயல்பே முன்னிற்கிறது. வருபவர் ஓர் இசைவாணர். எனவே கலைஞரைப் பேணும் பண்பே எடுத்துக்கூறத் தக்கதாகிறது. பொதுவான புகழ்ச்சிக்கும் பெறுநரை அறிந்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது, வருபவரின் தகுதி ஒரே தொடரில் அடங்குகிறது. அவர் பண்ணமைய யாழ் பயில்பவர் என்பதற்கு மேல் எந்த அடைமொழியும் இல்லை. ‘ஒப்பற்றவர்’, ‘நிகரில்லாதவர்’ போன்ற உயர்வுச் சொற்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நான்காவது, எழுதுபவர், பெறுபவர், வருபவர் ஆகிய மூவரையும் இணைக்கும் பிணைப்பு காட்டப்படுகிறது. சேரமான் தம்மிடம் அன்புடையவராக இருப்பது போன்றே பாணரும் அன்புடையவர் என்னும் கருத்துத்தான் இக்கடிதத்தின் உயிர்நிலை. அயலார் ஒருவர் அக்கருத்தால் உறவினராகிவிடுகிறார்.

ஐந்தாவது, கோரிக்கை ஐயத்திற்கு இடமின்றி அமைகிறது. பொருள் கொடுக்க வேண்டும். கொடுத்துத் திருப்பி அனுப்பவும் வேண்டும். பாணரின் வறுமையைப் பரஞ்சோதி முனிவர் கதைக் காரணமாக விளக்குகிறார். கடிதமோ அவ்வறுமையை ஒரு சொல்லாலும் சுட்டவில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வழிகாட்டுகிறது: தேவை என்பது கடிதம் எழுதப்படுவதற்கான காரணம், அது கடிதம் ஏற்கப்படுவதற்கான காரணம் ஆகாது. கடிதம் பேச வேண்டியது பின்னதைப் பற்றி.

பெரியபுராணத்தின்படி, கடிதம் பெற்ற சேரமான் தம் செல்வம் முழுவதையும் அரசையும் அளிக்க முன்வந்தார். பாணர் தமக்குத் தேவையான அளவே பெற்றுக்கொண்டார். வேண்டுபவர் தம் அளவை அறிந்திருந்தார் என்பதும் இம்மரபில் ஒரு பாடமாகும்.

தற்புகழ்ச்சியும் நன்னூலும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். திருமுகப் பாசுரம் பிறர் எழுதிய பரிந்துரை; முகப்புக் கடிதமோ தம்மைப் பற்றித் தாமே எழுதுவது. பிறரைப் புகழலாம், தம்மைத் தாமே புகழ்வது தகுமோ என்பது அம்மறுப்பு. தமிழ் மாணவர் பலர் தம் தகுதியை எழுதத் தயங்குவதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணம். பணிவு பண்பாடாகப் போற்றப்படும் சூழலில், ‘நான் இதனைச் செய்தேன்’ என்று எழுதுவதே செருக்காகத் தோன்றுகிறது.

பவணந்தி முனிவர் இச்சிக்கலுக்கு முன்பே விடை கூறியுள்ளார். எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்னும் பொதுவிதியை நன்னூல்ப் பாயிரம் வகுக்கிறது. அதனை அடுத்தே விதிவிலக்காக நான்கு இடங்களைச் சுட்டுகிறது: அரசவைக்கு எழுதும் ஓலை, தம் ஆற்றலை அறியாதவர் முன்னிலை, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய இடம், பிறர் தம்மைப் பழித்த வேளை ஆகியன அவை.

இந்நான்கனுள் முதல் இரண்டும் முகப்புக் கடிதத்திற்கு நேரடியாகப் பொருந்துகின்றன. அது அதிகாரமுடைய ஓர் அவைக்கு எழுதப்படும் ஓலை. பெறுபவரோ எழுதுபவரின் ஆற்றலை அறியாதவர். மூன்றாவதாகிய வாதம் நேர்காணலுக்குரியது. எனவே, முகப்புக் கடிதத்தில் தம் தகுதியைக் கூறுவது இலக்கண மரபு வெளிப்படையாக அனுமதித்த செயலாகும். ஆயினும் விதிவிலக்கு எதனால் அமைந்தது என்பதையும் மறத்தலாகாது. பெறுபவருக்கு உண்மை தெரியாது என்பதே அனுமதிக்கான அடிப்படை. ஆகவே அவருக்குத் தெரியாத, தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியைக் கூறுவது மட்டுமே அவ்விதிவிலக்கினுள் அடங்கும். ‘நான் சிறந்த ஆசிரியர்’ என்பது செய்தியன்று, அது தீர்ப்பு. ‘வணிகவியல் மாணவர்க்கு இரண்டு பருவங்கள் பொதுத்தமிழ் கற்பித்தேன்’ என்பது செய்தி. தீர்ப்பு வழங்கும் உரிமை பெறுபவருடையது.

வறுமையும் தகுதியும்

தமிழ் மரபிலேயே வறுமையைக் கூறி வேண்டிய பாடல்கள் உள்ளனவே எனலாம். புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் இல்லத்து நிலையை விரிக்கிறார். சமையல் மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதையும், பாலற்ற மார்பைச் சுவைக்கும் குழந்தையையும், அதனைக் காணும் தாயையும் அவர் காட்டும் முறை, படிப்பவரை இன்றும் நிலைகுலையச் செய்யும். அவ்வாறாயின் வறுமையைக் கூறுவது பயன் தராது என எங்ஙனம் கூற இயலும்?

இதற்கு விடை உறவின் தன்மையில் உள்ளது. புலவருக்கும் வள்ளலுக்கும் இடையிலான உறவில் ஈதல் என்பதே வள்ளலின் கடன்; இன்மை புலவரின் உரிமைக்கு ஆதாரம். கல்லூரிக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையிலான உறவு அத்தகையதன்று. அங்கு ஒரு வகுப்பறை காத்திருக்கிறது. அதனை யார் நடத்துவார் என்பதே வினா. அவ்வினாவிற்கு வறுமை விடையாகாது. மேலும், தேர்வுக் குழுவின் முன்னுள்ள விண்ணப்பங்களுள் பெரும்பாலானவை ஏழைக் குடும்பங்களிலிருந்தே வந்தவையாக இருக்கும் நிலையில், வறுமை ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டவும் உதவாது.

பரிசில் மரபுக்குள்ளேயே இதற்கு ஆதரவான குரல் ஒலிக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் காணாமலே பரிசில் அனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுக்கிறார் (புறம். 208). தம்மைக் காணாது தரும் பொருளைக் கொள்ளத் தாம் வாணிக நோக்குடைய பரிசிலர் அல்லர் என்பதும், தம் கல்வியின் அளவை அறிந்து தருவது தினையளவாயினும் இனிது என்பதும் அவர் நிலைப்பாடு. பரிசில் காலந்தாழ்ந்தபோது ஔவையார் பாடிய பாடலும் (புறம். 206) கைத்தொழில் கற்றவருக்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்னும் தன்மதிப்பை வெளிப்படுத்துகிறது. இவ்விருவரும் இன்மை உடையவர்களே. ஆயினும் அவர்கள் முன்வைத்தது தம் புலமையையே. பணி வேண்டும் கடிதத்திற்குரிய குரல் இவ்விருவருடையது.

சான்று: வேள்விக்குடிச் செப்பேடு காட்டும் நெறி

கூறப்படும் தகுதிக்குச் சான்று வேண்டும் என்பதை எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஓர் ஆவணம் தெளிவாக்குகிறது. பராந்தகன் நெடுஞ்சடையன் தன் மூன்றாம் ஆட்சியாண்டில் கூடல் நகரில் இருந்தபோது, காமக்காணி நற்சிங்கர் முறையிட்டதை வேள்விக்குடிச் செப்பேடு பதிவுசெய்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கை கிழான் நற்கொற்றனுக்கு வேள்விக்குடி என்னும் ஊரை வழங்கினான்; பின்னர்க் களப்பிரர் ஆட்சியில் அது பறிபோயிற்று; அதனை மீட்டுத் தர வேண்டும் என்பது முறையீடு.

மன்னன் உடனே இரங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஊர் தம் முன்னோருக்குரியது என்பதை நாட்டாரின் வழியாகக் காட்டிப் பெற்றுக்கொள்ளுமாறு கூறினான். முறையிட்டவர் அவ்வாறே காட்டினார், ஊர் மீண்டது. இந்நிகழ்வில் வேண்டுதலின் நான்கு படிகள் உள்ளன: கூற்று, அதன் வரலாறு, சான்று, தீர்வு. சான்று என்னும் மூன்றாம் படி இல்லையேல் முதலிரண்டும் முறையீடாகவே நின்றுவிடும்.

இந்நெறி பின்னரும் தொடர்கிறது. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்திற்கு உ. வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். பரிந்துரைத்தவர் பெரும் புலவர். பரிந்துரைக்கப்பட்டவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். ஆயினும் அவரது புலமை சோதித்து அறியப்பட்ட பின்னரே பணி வழங்கப்பட்டது. பரிந்துரை வாயில் வரை அழைத்துச் செல்லும். உள்ளே அமர்த்துவது சான்றே.

முகப்புக் கடிதத்தில் சான்று என்பது சான்றிதழ்களின் பட்டியலைக் குறிக்காது. அப்பட்டியல் தன்விவரக் குறிப்பில் இடம்பெறும். கடிதத்தில் இடம்பெற வேண்டியவை அப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த, இப்பணிக்கு நேரடியாகத் தொடர்புடைய இரண்டு அல்லது மூன்று செயல்கள். எங்கு, எவ்வளவு காலம், என்ன பயன் என்னும் மூன்றையும் கொண்ட செயல்கள்.

உரிமை: தருமியின் பாட்டு

திருவிளையாடற் புராணத்தின் 52ஆம் படலம் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம். வறிய இளைஞன் தருமி, பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாடலை ஆலவாய் இறைவனிடமிருந்து பெற்று அவைக்குக் கொண்டு செல்கிறான். மன்னன் மகிழ்கிறான். நக்கீரர் பொருட்குற்றம் உண்டெனத் தடுக்கும்போது தருமியால் விடை கூற இயலவில்லை. அவன் மீண்டும் கோயிலுக்கே சென்று கலங்கி நிற்கிறான். பாடலைக் காக்க அதனை எழுதியவரே அவைக்கு வரவேண்டியதாயிற்று.

திருமுகம் கொடுத்த படலத்தையும் இதனையும் ஒருசேர வைத்து நோக்குவது பயனுடையது. இரண்டிலும் எழுதியவர் ஒருவரே. இரண்டிலும் பயனடைய வேண்டியவர் வறியவரே. இரண்டும் மதுரையில் எழுதப்பட்டவையே. பாணரின் கடிதம் எழுதியவரின் பெயரோடு சென்றது. பாணர் தம்முடையதென ஏந்திச் சென்றது யாழை மட்டுமே. அதனால் அவர் எந்த அவையிலும் தடுமாறவில்லை. தருமியோ பிறர் பாட்டைத் தன் பாட்டாக ஏந்திச் சென்றான். பாட்டு உயர்ந்ததாக இருந்தும் முதல் வினாவிலேயே அவன் கையில் அது நிற்கவில்லை. குறை பாட்டின் தரத்தில் இல்லை. பாட்டுக்கும் ஏந்தியவனுக்கும் இடையே இருந்த இடைவெளியில் இருந்தது.

இன்று கணினி மையங்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் விண்ணப்பமும், இணையத்தில் படியெடுத்த மாதிரியும், செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் எழுதித் தரும் கடிதமும் தருமியின் பாட்டுப் போன்றவை. அவற்றின் மொழி பிழையற்றதாக இருக்கலாம். ஆனால், கடிதத்தில் உள்ள ஒரு தொடரைச் சுட்டி, ‘இதனை விளக்குங்கள்’ என நேர்காணலில் ஒருவர் கேட்டால், எழுதியவரை அழைத்துவர இயலாது. பிறரிடம் திருத்தம் கேட்பதில் தவறில்லை. கூறப்படும் செய்தி தம்முடையதாக இருத்தல் வேண்டும்.

ஒரு கடிதத்தின் மறுவாசிப்பு

மேற்கண்ட நெறிகளைச் சோதிக்க, இக்கட்டுரையாளர் முதுகலை முடித்த ஆண்டில் எழுதிய விண்ணப்பக் கடிதமொன்றே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இருபது வரிகள் கொண்ட அக்கடிதம், பெறுநர் முகவரி மட்டும் மாற்றப்பட்டுப் பதினொரு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டது. அதில் ஏழு வரிகள் தந்தையின் உடல்நலக் குறைவையும் தங்கையின் படிப்புச் செலவையும் பற்றியவை. நான்கு வரிகள் நேர்மை, உழைப்பு, தமிழ்ப் பற்று ஆகியவற்றைக் கூறின. பெறுநர் நிறுவனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கள ஆய்வு செய்து முடித்த ஆய்வேட்டின் தலைப்பு எங்கும் இடம்பெறவில்லை. விடை எதுவும் வரவில்லை.

திருமுகப் பாசுரத்தின் அளவுகோலால் அளந்தால், அக்கடிதத்தில் எழுதுபவரின் தேவை மட்டுமே இருந்தது. பெறுபவரும் இல்லை, யாழும் இல்லை. இன்று அதனைத் திருத்தி எழுதினால் உடற்பகுதி பின்வருமாறு அமையலாம்:

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கல்லூரியின் தமிழ்த்துறையில் அறிவிக்கப்பட்டுள்ள உதவிப் பேராசிரியர் பணியிடத்திற்கு விண்ணப்பிக்கின்றேன். தமிழில் முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்று, மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி அடைந்துள்ளேன்.

தங்கள் தமிழ்த்துறை நாட்டார் வழக்காற்றியலை விருப்பப் பாடமாக வழங்கி வருவதைப் பாடத்திட்டத்தின் வழி அறிந்தேன். மேலூர் வட்டத்து நடவுப் பாடல்களைக் களத்தில் பதிவுசெய்து என் ஆய்வேட்டை எழுதினேன். அப்பதிவுகளையே வகுப்பறையில் பயன்படுத்தி அப்பாடத்தைக் கற்பிக்க என்னால் இயலும்.

கடந்த இரண்டு பருவங்களாக வணிகவியல் மாணவர்க்குப் பொதுத்தமிழ் கற்பித்து வருகின்றேன். தமிழில் பிழையின்றி ஒரு பத்தி எழுதத் தயங்கிய மாணவர்க்கு வாரம் ஒரு கடிதம் எழுதும் பயிற்சி அளித்தேன். அப்பயிற்சி ஏடுகள் என்னிடம் உள்ளன.

நேர்காணலில் ஒரு மாதிரி வகுப்பு நடத்த வாய்ப்பளிக்குமாறு வேண்டுகின்றேன். தன்விவரக் குறிப்பையும் சான்றிதழ்ப் படிகளையும் இணைத்துள்ளேன்.”

இக்கடிதத்தின் முதற்பத்தி எழுதுபவரை இனங்காட்டுகிறது. இரண்டாம் பத்தி பெறுபவரை அறிந்து எழுதியதைக் காட்டுவதோடு, இருவரையும் பிணைக்கும் பொதுப்பொருளையும் முன்வைக்கிறது. மூன்றாம் பத்தி சான்று. நான்காம் பத்தி ஒரே கோரிக்கை. ‘திறமை’ என்னும் சொல் எங்கும் இல்லை, வறுமையும் இல்லை. மற்றொரு கல்லூரிக்கு இதனை அனுப்ப வேண்டுமாயின் இரண்டாம் பத்தியை மாற்றி எழுதியே ஆக வேண்டும். பெறுநர் முகவரியை மட்டும் மாற்றி அனுப்பக்கூடிய கடிதம் இன்னும் எழுதி முடிக்கப்படாத கடிதமே என்பது எளிய சோதனையாக அமையும்.

கடிதத்தின் எல்லை

சிறந்த கடிதம் எப்போதும் பயன் தரும் எனக் கூற இயலாது. 1904ஆம் ஆண்டு மதுரைச் சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியாற்றிய சுப்பிரமணிய பாரதி, 1919இல் எட்டயபுரம் மன்னருக்கு ஓலைத்தூக்காகச் சீட்டுக்கவி எழுதினார். தமிழின் கடிதச் செய்யுள்களுள் அதற்கு இணையானவை மிகச் சில. எனினும் அவர் நாடிய ஆதரவு அதனால் கிட்டவில்லை. கொடுக்கும் மனமோ காலியிடமோ இல்லாத இடத்தில் கடிதம் அவற்றை உருவாக்கித் தராது. விடை வராமை எழுதியவரின் தகுதிக்கு எதிரான தீர்ப்பாகாது என்பதை மாணவர்க்குக் கூறுவதும் கடிதம் கற்பிப்போரின் கடமையாகும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. திருமுகப் பாசுரத்தின் எழுதுபவர், பெறுபவர், வருபவரும் கோரிக்கையும் என்னும் முப்பகுதிச் சமநிலை, முகப்புக் கடிதத்திற்குப் பொருந்தும் அமைப்பாகும். பெறுநரின் பண்புகளுள் கோரிக்கைக்குத் தொடர்புடையதை மட்டும் தேர்ந்து கூறுவதும், இருவரையும் பிணைக்கும் பொதுப்பொருளைக் காட்டுவதும் அதன் சிறப்புக் கூறுகள்.

2. தம் ஆற்றலை அறியாதவர்க்கு எழுதும் ஓலையில் தற்புகழ்ச்சிக்கு நன்னூல் இடமளிக்கிறது. அவ்விடம் செய்தியைக் கூறுவதற்கே உரியது.

3. பரிசில் உறவில் வறுமை உரிமைக்கு ஆதாரம். பணி உறவில் அவ்வாறன்று. பெருஞ்சித்திரனாரும் ஔவையாரும் காட்டும் தன்மதிப்பே இங்குப் பின்பற்றத்தக்கது.

4. வேள்விக்குடிச் செப்பேடு சான்றின் இன்றியமையாமையையும், தருமியின் கதை கூறுபொருள் தம்முடையதாக இருக்க வேண்டிய தேவையையும் உணர்த்துகின்றன.

தமிழ் முதுகலைப் பாடத்திட்டத்தில் சீட்டுக்கவி சிற்றிலக்கிய வகையாகவும், விண்ணப்பம் எழுதுதல் பயன்முறைத் தமிழாகவும் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பித்தால், மாணவர் தம் இலக்கியக் கல்வி தம் வாழ்க்கைக்கு உதவுவதை நேரில் உணர்வர். தமிழ் படித்தவர் தம் வேலைக்குரிய கடிதத்தைத் தமிழிலேயே எழுதத் தடுமாறும் நிலை மாறுவதற்கு அது முதற்படியாக அமையும்.